பகலில் பள்ளிக்கூடம், இரவில் சினிமாக் கொட்டகை!

டெலிவிஷன் பெட்டி கெட்டுப் போனால் புதுப் பெட்டி வாங்குகிறார்கள். அது நியாயம்.

கெடாத பெட்டியை ஒதுக்கிவிட்டுப் புதுப் பெட்டி வாங்குகிறார்களே, அது நியாயமா?

இன்று பல வீடுகளில் இதுதான் நடக்கிறது.

ஐந்தாறு வருஷத்துக்கு முன் வாங்கிய "ஸ்மார்ட்" டெலிவிஷன். படம் பளிச்சென்று தெரிகிறது. சத்தம் கணீர் என்று கேட்கிறது. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் பெட்டி யோசிக்கிறது. யோசிக்கிறது. யோசித்துக்கொண்டே இருக்கிறது! புதிதாக வந்த சில நிகழ்ச்சிகளைக் கேட்டால், "இந்தப் பெட்டியில் இது வராது" என்று கையை விரிக்கிறது.

"பழசாகிவிட்டது. மாற்ற வேண்டியதுதான்" என்கிறார்கள் வீட்டில் உள்ளவர்கள்.

எது பழசாகிவிட்டது? அதைத்தான் யாரும் கேட்பது இல்லை.

ஸ்மார்ட் டெலிவிஷன் என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்த ஒரு பெட்டி. ஒன்று, திரை. மற்றொன்று, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். திரை பல வருஷம் உழைக்கும். சின்னக் கம்ப்யூட்டரோ சீக்கிரம் கிழடு தட்டிவிடும். அதைச் செய்தவர்களும் சில வருஷங்களில் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

கண் நன்றாக இருக்கிறது. மூளைதான் மங்கிவிட்டது. மூளைக்காகக் கண்ணையும் சேர்த்தா தூக்கி எறிவது?

தவணைக் கண்ணி

"மாதம் இரண்டாயிரம்தானே? பன்னிரண்டு மாதம் கட்டினால் பெட்டி நமக்குச் சொந்தம்" என்பார் கணவர்.

"ஏங்க, அந்த இரண்டாயிரத்தில்தானே பால் கணக்கு அடைகிறது?" என்பாள் மனைவி.

மனைவி சொல்வதே சரி!

மாதம் ரூ.2 ஆயிரம் என்றால் பன்னிரண்டு மாதத்தில் ரூ.24 ஆயிரம். "வட்டியே இல்லை" என்று கடைக்காரர் சொல்லலாம். வட்டி இல்லாத கடன் என்று ஒன்று உலகத்தில் உண்டா? அப்படி ஒன்று கிடையாது என்று 2013-ம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி பாங்குகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறது. ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காமல் போகலாம். அல்லது "கட்டணம்" என்ற பெயரில் ஒரு தொகை சேரும். வட்டி வேறு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான்!

கடன் முடிந்து ஐந்து வருஷம் போனால் அந்தப் புதுப் பெட்டியும் யோசிக்கத் தொடங்கும். மறுபடி கடன். மறுபடி தவணை.

இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஒரு வழி இருக்கிறது. திரையை அப்படியே வைத்துக்கொண்டு, வெளியே ஒரு கம்ப்யூட்டரை அதோடு இணைத்துவிடுவதுதான் அந்த வழி. இதற்குத்தான் "ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்" என்று பெயர்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல இது.

செலவே இல்லாத வழி

முதலில் வீட்டுப் பரணைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு அரசாங்கம் இலவச லாப்டாப் கொடுத்தது. வாங்கிய பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். லாப்டாப் என்ன ஆயிற்று? பாட்டரி போய்விட்டது, திரையில் ஒரு கீறல், பழைய துணிமூட்டையோடு பரணில் கிடக்கிறது.

பாட்டரி போனால் என்ன? மின்சாரக் கம்பியைச் சொருகி ஓட்டலாம். திரை உடைந்தால் என்ன? டெலிவிஷன்தான் திரையாக இருக்கப் போகிறதே!

லாப்டாப்பின் பக்கவாட்டில் எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒரே ஒரு கம்பி போதும். படமும் சத்தமும் அந்த ஒரு கம்பியிலேயே டெலிவிஷனுக்குப் போய்விடும். எச்.டி. அளவுப் படங்களைப் பழைய லாப்டாப் சிரமம் இல்லாமல் காட்டும்.

2006-ம் ஆண்டு முதல் அரசாங்கம் கொடுத்த இலவசக் கலர் டெலிவிஷன் மட்டும் இதற்கு உதவாது. அது குழாய்ப் பெட்டி. எச்.டி.எம்.ஐ. துளை கிடையாது. இடையில் ஒரு மாற்றுக் கருவி வைத்து இணைக்கலாம். ஆனால் எழுத்துகள் மங்கும், கண் வலிக்கும். அந்தச் செலவு வீண்.

ஆபீஸ்கள் கழித்த யானைகள்

பரணில் ஒன்றும் இல்லாதவர்கள் என்ன செய்வது?

அவர்களுக்கு இது நல்ல காலம்!

மைக்ரோசாப்ட் கம்பெனி தன்னுடைய "விண்டோஸ் 10" என்ற இயக்க மென்பொருளின் வழக்கமான பராமரிப்பை 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. அடுத்து வந்த "விண்டோஸ் 11" பழைய கம்ப்யூட்டர்களை ஏற்பது இல்லை. இன்டெல் கம்பெனியின் சிப்பாக இருந்தால் பெரும்பாலும் 8-வது தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது.

விளைவு? 6-வது, 7-வது தலைமுறைக் கம்ப்யூட்டர்களை ஆபீஸ்கள் வண்டி வண்டியாகக் கழிக்கின்றன. அவை கெட்டுப் போனவை அல்ல. பாங்குகளிலும் கம்பெனிகளிலும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவை. டெல், எச்.பி., லெனோவா போன்ற கம்பெனிகள் ஆபீசுக்கென்றே உறுதியாகச் செய்தவை.

இவை எல்லாம் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வருகின்றன. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ், பம்பாயில் லாமிங்டன் ரோடு. இந்த இடங்களுக்கு வராத பழைய கம்ப்யூட்டர் இல்லை. ஊர்ப்புறங்களிலும் பெரிய பஸ் நிலையங்களுக்குப் பக்கத்தில் இப்போது இத்தகைய கடைகள் வந்துவிட்டன.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன். இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானைகளோ உயிரோடு இருக்கின்றன. விலை மட்டும் இறங்கிவிட்டது!

பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள். கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு பல் இருக்கிறது.

பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டிலோ, திரையிலோ "ஐ5-7500" என்று ஒரு எண் தெரியும். கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண்தான் தலைமுறை. இதில் அது 7. ஆகவே 7-வது தலைமுறை. "ஐ5-4570" என்று இருந்தால் 4-வது தலைமுறை. "ஐ5-10400" என்று ஐந்து இலக்கம் இருந்தால், முதல் இரண்டு எண்களைச் சேர்த்து 10-வது தலைமுறை என்று கொள்ள வேண்டும்.

சினிமா பார்க்கத் தலைமுறை எதற்கு என்று கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. பட்டுப் புடவையை மடித்துச் சின்னப் பெட்டியில் வைப்பதுபோல, சினிமாப் படத்தையும் மடித்துத்தான் வைக்கிறார்கள். பார்க்கும்போது கம்ப்யூட்டர் அதைப் பிரித்துக் காட்டுகிறது. 2003-ல் வந்த மடிப்பு முறைக்கு எச்.264 என்று பெயர். 2013-ல் எச்.265 வந்தது. அதே தெளிவுள்ள படத்தை இது ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கிவிடும்.

4-வது தலைமுறைச் சிப்புக்குப் பழைய மடிப்பு மட்டும்தான் பழக்கம். புது மடிப்பைக் கொடுத்தால் மூச்சு வாங்கும், சூடாகும், பெரிய படமானால் விட்டு விட்டு ஓடும். 6-வது தலைமுறை புது மடிப்பில் எளிதானதைப் பிரிக்கும். 7-வது தலைமுறையோ, எச்.265-ல் உயர்ந்த ரகத்தையும் பிரித்துவிடும். யூடியூப்காரர்கள் பயன்படுத்தும் வி.பி.9 என்ற மடிப்பையும் அலட்டிக்கொள்ளாமல் பிரித்துவிடும்.

விண்டோஸ் 11 தள்ளிவைத்துவிட்டது. ஆகவே விலை குறைவு. சினிமா காட்டுவதிலோ கெட்டி. 7-வது தலைமுறை ஏழைக் குடும்பத்துக்கு ஏற்றது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஏ.வி.1 என்று இன்னும் புதிய மடிப்பு ஒன்றும் இருக்கிறது. அதைப் பிரிக்கும் உறுப்பு இன்டெல் சிப்புகளில் 11-வது தலைமுறையிலிருந்துதான் வருகிறது. அதற்காக அவ்வளவு பணம் கொடுக்க வேண்டியது இல்லை. சாதாரண முழு எச்.டி. அளவில் பழைய ஐ5 சிப் தன் பலத்தாலேயே அதைச் சமாளித்துவிடும்.

இன்னொரு ரகசியம். ஐ7 வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். ஒரே தலைமுறையில் ஐ3, ஐ5, ஐ7 எல்லாவற்றிலும் படம் பிரிக்கும் வேலை ஒரே மாதிரிதான் நடக்கும். படம் பார்க்க ஐ3 போதும்!

கடையில் அரை மணி நேரம்

அவசரப்பட்டுப் பணத்தை எடுத்து நீட்டக்கூடாது. கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போய்விட வேண்டியதுதான்.

கவனிக்க வேண்டியவை இவை:

ஒரு சினிமாப் படத்தை ஓட விட வேண்டும். விசிறி லாரி மாதிரி இரைந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். பெட்டி வீட்டுக் கூடத்தில் இருக்கப் போகிறது. வசனம் கேட்க வேண்டாமா?

கம்ப்யூட்டரில் தேதியைப் பார்க்க வேண்டும். ஏதோ பழைய வருஷத்துத் தேதி காட்டினால், உள்ளே இருக்கும் காசு போன்ற சின்ன பாட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இது பெரிய குற்றம் அல்ல. அற்ப விலைதான். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்!

பெட்டியைத் திறந்து வைக்கும்போதே "பயாஸ்" என்னும் அடிப்படை அமைப்புக்குள் போகச் சொல்ல வேண்டும். அங்கே கடவுச்சொல் கேட்டால், ஆபீஸ்காரர்கள் போட்ட பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை. பூட்டிய வீட்டை யாராவது சாவி இல்லாமல் வாங்குவார்களா? கடைக்காரர் பூட்டைக் கழற்றித் தந்தால்தான் வாங்க வேண்டும்.

பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால், அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டச் சொல்ல வேண்டும். மோட்டார் வண்டிக்கு மைல் கணக்கு மாதிரி இதற்கு மணிக் கணக்கு உண்டு.

பின்பக்கத் துளைகளையும் பார்க்க வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டர் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்காது, "டிஸ்ப்ளே போர்ட்" என்ற துளை இருக்கும். அதிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் கம்பி கடையிலேயே கிடைக்கும். வெறும் வி.ஜி.ஏ. துளை மட்டும் இருந்தால் வாங்கக்கூடாது. அதில் படம் வரும், சத்தம் வராது.

கடைசியாக, ரசீதும் உத்தரவாதமும் எழுத்தில் வேண்டும். வாய்ச் சொல் ரிச்சி தெருவைத் தாண்டி வராது!

பன்னிரண்டு பங்கு

கையில் இருப்பது ரூ.12 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் பன்னிரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும்.

எட்டுப் பங்கு, கம்ப்யூட்டர் பெட்டிக்கு.

இரண்டு பங்கு, எஸ்.எஸ்.டி. என்னும் வேகமான சேமிப்புத் தட்டுக்கு. இது ஒன்றைப் போட்டாலே கிழட்டுக் கம்ப்யூட்டர் இளைஞனைப் போல் எழுந்து ஓடும். கடைக்காரரே எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்திருந்தால், இந்தப் பணத்தில் படங்களைச் சேர்த்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கலாம்.

ஒரு பங்கு, கம்பிக்கும் கீபோர்டு, மவுசுக்கும், வைஃபை குச்சிக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் வைஃபை இருக்காது. இதைப் பலர் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்துத் தலையில் கை வைக்கிறார்கள்.

கடைசி ஒரு பங்கு? அதைத் தொடக்கூடாது. பழைய பொருள் வாங்குகிறவர்கள் ரிப்பேருக்கு என்று கொஞ்சம் முடிந்து வைப்பதே புத்திசாலித்தனம்.

விலை ஊருக்கு ஊர் மாறும். பங்கு மாறக்கூடாது.

மெமரி விஷயத்தில் மட்டும் உஷார். 2025-ம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து மெமரி விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது. செயற்கை அறிவுக் கம்ப்யூட்டர்களுக்காகப் பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்கிக் குவித்ததே இதற்குக் காரணம். ஆகவே பெட்டியோடு 8 ஜி.பி. மெமரி சேர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் செலவு கூடிவிடும்.

காசு கேட்காத மென்பொருள்

பெட்டி வந்துவிட்டது. அதை ஓட்டுவதற்கு மென்பொருள்?

அதற்கு ஒரு காசும் வேண்டாம். திருட்டுப் பிரதியும் வேண்டாம்!

பின்லாந்து நாட்டில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ம் ஆண்டில் லினக்ஸ் என்ற ஒன்றைத் தொடங்கினார். யாரும் வாங்கலாம், யாரும் கொடுக்கலாம். இன்று அதில் பல வகைகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஏற்றது லினக்ஸ் மிண்ட். விண்டோஸ் பழகியவர்களுக்கு ஒரு நாளில் கைவந்துவிடும். விண்டோஸ் 11 தள்ளிவைத்த கம்ப்யூட்டரிலும் இது ஓடும்.

அதன் மேல் கோடி என்ற மென்பொருளைப் போட வேண்டும். கோடி ரூபாய் அல்ல, பெயரே கோடி! மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்ப்பதற்காக 2002-ம் ஆண்டில் ஆர்வலர்கள் சிலர் தொடங்கிய முயற்சி, 2014-ல் கோடி என்று பெயர் மாறியது. திரையில் பெரிய எழுத்தில் "படங்கள்", "பாட்டுகள்", "புகைப்படங்கள்" என்று வரிசையாகத் தெரியும். பாட்டிகூட அம்புக் குறியை அழுத்திப் படம் போட்டுவிடலாம்.

இன்னொன்று வி.எல்.சி. பாரீஸ் நகரத்துக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996-ல் தொடங்கி, 2001-ல் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. வேறு எதிலும் ஓடாத பழைய படத்தையும் ஓட்டிக் காட்டும் வைத்தியர் இது.

சினிமா மட்டும் போதும், வேறு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு லிப்ரேஎலெக் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரைத் திறந்தால் நேராகக் கோடியில் போய் நிற்கும். 

ரிமோட்? கையில் இருக்கும் செல்போனையே கோடிக்கு ரிமோட் ஆக்கலாம். டெலிவிஷன் ரிமோட்டே கம்ப்யூட்டரையும் ஆட்டி வைக்கும் என்று நினைக்க வேண்டாம். சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த வசதி இருக்காது.

பகலில் பள்ளிக்கூடம்

இதெல்லாம் சினிமா பார்ப்பதற்காக மட்டும் என்றால், இவ்வளவு தூரம் சொல்ல வேண்டியதே இல்லை.

புது டெலிவிஷன் சினிமா மட்டும் காட்டும். இந்தப் பெட்டியோ பகலில் பள்ளிக்கூடம் நடத்தும்!

அதே திரையில் பிள்ளைகள் பாடம் பார்க்கலாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழிலேயே கட்டளைகள் உண்டு. அதில் கட்டுரை எழுதலாம், கணக்குப் போடலாம். வீட்டு அம்மாள் சீட்டுக் கணக்கு எழுதலாம். மகன் வேலைக்கு விண்ணப்பம் போடலாம். செல்போனின் சின்னத் திரையில் கண்ணை இடுக்கிக்கொண்டு செய்கிற வேலைகளை எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து செய்யலாம்.

பெட்டியைப் பூட்டுவதற்கு அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் அதுவே ஒரு பாடம். மெமரி எங்கே இருக்கிறது, விசிறி ஏன் சுற்றுகிறது, தூசியை எப்படித் துடைப்பது? இவற்றைக் கண்ணால் கண்டு கையால் தொட்ட பிள்ளை, நாளைக்குக் கம்ப்யூட்டரைக் கண்டு மிரளாது.

அழியும் கலியாணங்கள்

இன்னொரு காரியமும் இருக்கிறது. அது எல்லாவற்றையும்விட அவசரமானது.

இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கலியாணம் செய்துகொண்டவர்கள் வீட்டில் வி.சி.டி., டி.வி.டி. தட்டுகள் இருக்கும். பீரோவில், புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். பத்திரமாகத்தான் இருக்கிறதா?

இல்லை! போட்டோக் கடைகளில் பதிவு செய்து கொடுத்த தட்டுகளில் படத்தைத் தாங்கி நிற்பது ஒரு சாயம். வெயிலும் சூடும் ஈரமும் அதைத் தின்றுவிடும். ஒரு நாள் போட்டால் படம் துண்டு துண்டாக வரும். இன்னொரு நாள் போட்டால் வரவே வராது.

அந்தத் தட்டில் யார் இருக்கிறார்கள்? இன்று உயிரோடு இல்லாத தாத்தா பந்தியில் எல்லாரையும் உபசரித்துக்கொண்டு இருக்கிறார். பாட்டி ஆரத்தி எடுக்கிறாள். அவர்கள் நடந்ததும், சிரித்ததும், பேசியதும் வேறு எங்கும் இல்லை.

புது லாப்டாப்புகளில் தட்டுப் போடும் இடமே கிடையாது. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் பலவற்றில் இன்னும் இருக்கிறது. பெட்டி வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு வி.சி.டி. சுமார் 700 எம்.பி.; ஒரு சாதாரண டி.வி.டி. 4.7 ஜி.பி. ஆயிரம் ஜி.பி. ஹார்டு டிஸ்க் ஒன்றில் 200 டி.வி.டி.க்களை அடக்கலாம். ஒரு குடும்பத்தின் எல்லாக் கலியாணங்களும் காது குத்துகளும் வளைகாப்புகளும் ஒரே இடத்தில்!

எடுத்தவுடன் இன்னொரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வைக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கும் ஒரு நாள் சாகும். இரண்டு இடத்தில் இருப்பதுதான் பத்திரம்.

திருட்டுப் படம் வேண்டாம்

கம்ப்யூட்டர் வந்ததும் சில ஆசாமிகள் வருவார்கள். "அண்ணே, நேற்று வந்த படம் இன்றைக்கே இருக்கிறது, போட்டுத் தரட்டுமா?" என்பார்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கோடி மென்பொருளில் படம் எதுவும் இல்லை. வீட்டில் இருக்கும் படத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை. திருட்டுப் படம் காட்டும் இணைப்புகளை அதைச் செய்தவர்களே ஆதரிப்பது இல்லை. அவற்றோடு வைரசும் சேர்ந்து வரும். வீட்டுக் கணக்கும் பாங்குக் கணக்கும் இருக்கும் கம்ப்யூட்டரில் திருடனுக்குக் கதவு திறந்துவிடுவதா?

நேர்மையாகப் பார்ப்பதற்கே ஆயுசு போதாது. கம்பெனிகளே தங்கள் பழைய படங்களை யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. இந்தியாவில் 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி சினிமாப் படத்துக்கு உரிமைக் காலம் 60 வருஷம். படம் வெளிவந்ததற்கு அடுத்த வருஷத்திலிருந்து கணக்கு. கதைக்கும் பாட்டுக்கும் வேறு கணக்கு உண்டு என்பதையும் மறக்கக்கூடாது.

மறுப்பவர்கள் சொல்வது

"மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு குச்சி கிடைக்கிறது. டெலிவிஷனில் சொருகினால் எல்லாம் வருகிறது. கம்ப்யூட்டர் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. மாதச் சந்தா கட்டும் நிகழ்ச்சிகளை மட்டும் பார்க்கிற வீட்டுக்குக் குச்சியே சரி. சந்தா சேவைகள் சில, பூட்டுக் காரணமாகக் கம்ப்யூட்டருக்கு முழுத் தெளிவுள்ள படத்தைத் தருவதும் இல்லை. அத்தகைய வீட்டார் கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். புது டெலிவிஷனும் வாங்க வேண்டாம். குச்சியை வாங்கிப் பழைய டெலிவிஷனில் சொருகிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் குச்சியில் கலியாணத் தட்டைப் போட முடியுமா? கட்டுரை எழுத முடியுமா? படிக்கிற பிள்ளை உள்ள வீட்டுக்கு, பீரோவில் தட்டு உள்ள வீட்டுக்குக் கம்ப்யூட்டர்தான் ஏற்றது.

"மின்சாரம் தின்னுமே?" என்கிறார்கள். சின்ன உருவ ஆபீஸ் கம்ப்யூட்டர் படம் காட்டும்போது சுமார் 30 வாட் எடுக்கும். பழைய சீலிங் விசிறி ஒன்று 75 வாட்! தினம் நான்கு மணி நேரம் ஓட்டினாலும் மாதத்துக்கு நான்கு யூனிட் ஆகாது. ஆள் உயரப் பெட்டிகள் கூடுதலாகத் தின்னும்; அவற்றைத் தவிர்க்கலாம்.

"உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை வந்திருக்கிறதே?" என்றும் சிலர் சொல்வார்கள். 2012-ல் 35 டாலர் விலையில் வந்து உலகத்தை அசத்தியது அது. ஆனால் பெட்டி, மின்சார அடாப்டர், நினைவு அட்டை என்று தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் செலவு ஏறிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

"பழசு கெட்டுப் போனால்?" என்பது கடைசிக் கேள்வி. கெட்டுப் போகும். புதுசு மட்டும் கெடாதா? டெலிவிஷனுக்குள் இருக்கும் மூளை கெட்டால் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்வார்கள். இதில் கெட்ட உறுப்பை மட்டும் மாற்றலாம். எஸ்.எஸ்.டி. போனால் எஸ்.எஸ்.டி.; விசிறி போனால் விசிறி. அதற்குத்தான் அந்தப் பன்னிரண்டாவது பங்கு!

முடிவு என்ன?

ஏழை வீட்டுக்குப் பொழுதுபோக்கு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பகல் முழுவதும் உழைத்தவர்கள் இரவில் இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டுப் படுப்பது அவசியம். அந்தச் சிரிப்புக்காக ஒரு வருஷம் கடன்காரராக இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஆபீஸ்கள் கழித்த பெட்டிகளைக் கண்ட இடத்தில் உடைத்து எரித்தால் அவற்றில் உள்ள ஈயமும் மற்ற நஞ்சும் மண்ணிலும் காற்றிலும் கலக்கும். 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் மின்னணுக் கழிவுக்குப் புதிய விதிகள் அமலில் இருக்கின்றன. எந்த விதியையும்விட நல்ல விதி ஒன்று உண்டு. உழைக்கிற பொருளை உழைக்க விடுவதே அது.

தீபாவளி வந்தால் கடைகளில் பெரிய பெரிய திரைகள் கண்ணைப் பறிக்கும். தவணைச் சீட்டோடு ஆட்கள் வாசலிலேயே நிற்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், "வீட்டில் இருக்கும் திரை நன்றாகத்தானே இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் போதும். குடும்பத்துக்கு மிச்சமாவது பன்னிரண்டு மாதத் தவணை!